சோந்து

“வண்டிக்குச் சொல்லத்தான் போறேன், நீ என்ன குதிச்சாலும்...”

“சொல்லிப் பாரு, போற காலை ஒடிச்சி...”

“எந்தக் கையால ஒடிப்ப? செவுத்தப் புடிச்சிக்கிட்டு நிக்கிறியே, அந்தக் கையாலயா?”

“விடிஞ்சா சரியாயிடும்டி. இப்பத்தான கஷாயம் குடிச்சேன்.”

“முந்தாநாளும் இதையேதான் சொன்ன. நேத்தும் சொன்ன. கஷாயம் உள்ள போவுது. வெளிய வருதாய்யா?”

“கத்தாத! தெருவுக்கே கேக்குது.”

“கேக்கட்டும். என் புருஷனுக்கு நீர் கட்டிக்கிச்சின்னு கடலுக்கே கேக்கட்டும். நான் என்ன அடுத்தவ வூட்டுச் சமாசாரமா பேசறேன்?”

புயல் சின்னம் என்று கொடி ஏற்றியிருந்தார்கள். ஐப்பசி அடைமழை. குப்பத்தில் ஒரு கட்டுமரமும் கடலில் இறங்கவில்லை. ஓலைக் கூரையிலிருந்து ஒழுகிய தண்ணீர் வாசலில் வாய்க்கால் போட்டு ஓடிக்கொண்டிருந்தது. அடுப்படிச் சுவரைப் பிடித்தபடி, முதுகைக் கூனிக்கொண்டு நின்றான் இருசப்பன். அவன் அடிவயிறு சுரைக்குடுக்கை மாதிரி புடைத்து, தொட்டால் கல்லாக இருந்தது. இரண்டு காலையும் மாற்றி மாற்றி வைத்தான். உட்கார்ந்தால் வலி, நின்றால் வலி, படுத்தால் உயிர் போகிற வலி.

ஆறு மாதமாகவே அவனுக்கு நீர் சரியாகப் போகவில்லை. வேலியோரம் போனவன் வர ஒரு நாழியாகும். அஞ்சலாட்சி மீன் கூடையை எடுத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பும்போது போய் நிற்பான், அவள் தெருமுனை தாண்டித் திரும்பிப் பார்த்தாலும் அப்படியே நிற்பான். கேட்டால் எரிந்து விழுவான். அவளும் தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டாள். நெருஞ்சி முள்ளைக் கஷாயம் வைத்தாள். வாழைத்தண்டை இடித்துச் சாறு எடுத்தாள். வெள்ளரி விதையை அரைத்துத் தொப்புளைச் சுற்றிப் பற்றுப் போட்டாள். ‘தண்ணி நெறைய குடி, தள்ளிக்கிட்டு வந்துடும்’ என்று யாரோ சொல்ல, சொம்பு சொம்பாகக் குடித்தான். குடித்ததெல்லாம் உள்ளேயே நின்றுவிட்டது.

“ஆஸ்பத்திரிக்குப் போனா என்ன செய்வாங்கன்னு தெரியுமா ஒனக்கு?” என்றான். குரல் இறங்கியிருந்தது. “வெள்ளக்காரக் கன்னியாஸ்திரி முன்னாடி வேட்டிய அவுத்துட்டு நிக்கணும்.”

“அந்தம்மா ஒன்ன மாதிரி ஆயிரம் பேரப் பாத்திருப்பாங்க. ஒன்னுது என்ன அதிசயமா?”

இதைச் சொல்லும்போதுதான் சாமிக்கண்ணு தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். இருசப்பனோடு ஒரே மரத்தில் தொழிலுக்குப் போகிறவன், பக்கத்து வீட்டுக்காரன்.

“என்னா அண்ணி, காலங்காத்தால கச்சேரி?”

“நீயே கேளுப்பா ஒங்க அண்ணன.”

“கேக்கறதுக்கு என்னா இருக்கு? ஊரே வெள்ளத்த வெளிய எறைக்கிது, இவரு மட்டும் உள்ள தேக்கி வெக்கிறாரு. ஏரி கட்டப் போறியாண்ணே?”

இருசப்பன் சிரிக்கப் பார்த்தான். பாதிச் சிரிப்பில் வலி வந்து முகம் கோணியது. வாயைத் திறந்து “அம்மா” என்றான். அவன் அம்மாவைக் கூப்பிட்டு அஞ்சலாட்சி கேட்டதே இல்லை. சாமிக்கண்ணு ஓடினான். மீன் ஏற்றுகிற தள்ளுவண்டியைக் கொண்டுவந்து, வைக்கோல் பரப்பி, அண்ணனைத் தூக்கி வைத்தான். இருசப்பனும் மறுக்கவில்லை.

வண்டி டவுனுக்குள் போயிற்று. பெரிய வாய்க்கால் விளிம்பு தட்ட ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரத் தெருவில் பாதி வீடுகள் பூட்டியிருந்தன. பிரான்சுக் கொடி இறங்கி மூன்று வருஷம் ஆகியும் போகிறவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். சக்கரம் ஒவ்வொரு பள்ளத்தில் விழும்போதும் இருசப்பன் பல்லைக் கடித்தான். அஞ்சலாட்சி ஒரு கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு, ஒரு கையால் பனையோலைக் குடலையை அவன் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“மெதுவா தள்ளுப்பா.”

“மெதுவாத்தான் அண்ணி தள்றேன். ரோடு வேகமா போவுது, நான் என்ன செய்ய?”

ஆஸ்பத்திரியில் ஆண்களுக்கு ஒரு வாசல், பெண்களுக்கு ஒரு வாசல். நீர் சம்பந்தமான வியாதிக்கு ஆண்கள் பக்கத்துக் கோடியில் ஒரு அறை. நீலக் கதவு. அந்தக் கதவுக்குள் பொம்பிளைகள் போகக் கூடாது. ஈரத் துணியோடு ஜனம் வராந்தா முழுக்க உட்கார்ந்திருந்தது. சேதராப்பட்டிலிருந்து வந்த ஒரு கிழவர், தான் போன செவ்வாய்க்கிழமையும் வந்ததாகவும், நீர் வியாதிக்கு வியாழக்கிழமை வரச்சொல்லித் திருப்பிவிட்டதாகவும், வியாழக்கிழமை வந்தால் தொக்தேர் இல்லை என்று சொன்னதாகவும் எல்லோரிடமும் முறையிட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கி என்னா கெழமைங்க?” என்றாள் அஞ்சலாட்சி.

“வியாழன்தாம்மா. இன்னிக்கி தொக்தேர் வந்திருக்காரு. கப்பலுக்கு டிக்கெட்டு போட்டுட்டாராம். நீ புண்ணியம் பண்ணவ.”

தொக்தேர் வெள்ளைக்கார டாக்டர். அவர் பேசுவதைத் தமிழில் சொல்கிறவர் தேவதாஸ், ஆஸ்பத்திரியில் கட்டுப்போடுகிறவர். வெள்ளை உடுப்பு, கழுத்தில் சிலுவை, நரைத்த மீசை. எல்லோரும் முசே தேவதாஸ் என்றார்கள். நல்ல மனிதர். இருசப்பன் துடிப்பதைப் பார்த்ததும், வரிசையைத் தாண்டி அவனை உள்ளே கொண்டுபோகச் சொன்னார். கிழவர் கூட நகர்ந்து வழி விட்டார். சாமிக்கண்ணு தாங்கிக்கொண்டு போய் உள்ளே விட்டுவிட்டு, வண்டியை யாராவது எடுத்துவிடுவார்கள் என்று வெளியே போனான். நீலக் கதவு மூடியது.

அஞ்சலாட்சி கதவுக்கு வெளியே, கதவில் காது படுகிற மாதிரி நின்றாள்.

உள்ளே தொக்தேர் பேசினார். வேகமாக, மூக்கால். அப்புறம் தேவதாஸ் குரல். மழைச் சத்தத்தில் பாதி அடிபட்டுப் பாதி வந்தது.

“...பெரியவரே, கேளுங்க. சோந்து இல்லாம இது ஆவாது. சோந்து வெச்சாத்தான் தண்ணி எறங்கும். வேணுமா வேணாமா?”

“வேணாம்.” அது இருசப்பன்.

“வேணாம்னா எப்படிங்க? சோந்து இல்லாமலே விட்டா உசுருக்கு ஆபத்து.”

“போனா போவுது. அந்தப் பேச்சே எடுக்காதீங்க. வேற என்னா வேணுமோ பண்ணுங்க.”

“வேற ஒண்ணும் இல்லய்யா. இது ஒண்ணுதான் வழி. பயப்படாதீங்க...”

“பயமா? எனக்கா? செத்தாலும் வேணாம்னு சொல்லிட்டேன்.”

தொக்தேர் ஏதோ கேட்டார். தேவதாஸ், “நோன், தொக்தேர்” என்று சொல்லிப் பெருமூச்சு விட்டார். ஒரு பாத்திரம் வைக்கிற சத்தம். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

வெளியே அஞ்சலாட்சி முந்தானையை இறுக்கிச் செருகினாள். சொந்தம் வேண்டும் என்கிறார்களா? அவளுக்குத் தெரியாத வழக்கம் இல்லை. போன வருஷம் சாமிக்கண்ணுவின் தங்கைக்கு வயிற்றைக் கிழித்தபோது, புருஷன் மட்டும் போதாது என்று கூடப்பிறந்தவனைக் கூட்டிவரச் சொல்லி, சாமிக்கண்ணு வந்து கைநாட்டு வைத்த பிறகுதான் உள்ளே கொண்டுபோனார்கள். ரத்த சொந்தம் வேண்டும். இவனுக்கு யார் இருக்கிறார்கள்? அப்பன் ஆத்தாள் இல்லை. இவள் வயிறும் திறக்கவில்லை. இருப்பது ஒரே அண்ணன். அந்த அண்ணனோடு பேச்சு முறிந்து எத்தனையோ காலமாயிற்று.

தேவதாஸ் கதவைத் திறந்து வந்தார். பின்னால் இருசப்பனைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள்.

“நீங்கதான் சம்சாரமா? ஒங்க ஆளு பிடிவாதம் பிடிக்கிறாரும்மா. சோந்து வேணாங்கறாரு.”

“கேட்டேன்யா. நான் இருக்கேனே, நான் போதாதாய்யா?”

“நீங்க என்ன பண்ண முடியும்? நீங்க அவரச் சம்மதிக்க வெக்கணும். அது ஒண்ணுதான் ஒங்களால ஆவும். அவரு சரின்னா அடுத்த நிமிஷம் முடிச்சிடலாம்.”

“எப்படியாவது கொண்டாந்துடறேன்யா.”

“சீக்கிரம் வழிக்குக் கொண்டாங்க. நாளைக்கி வரைக்கும் தாங்காது.” உள்ளே மணி அடித்தது. “வராந்தாவுல கட்டில் போடச் சொல்லியிருக்கேன். மாசேர், அந்தக் கன்னியாஸ்திரி அம்மா, வந்து பாப்பாங்க” என்று சொல்லிக்கொண்டே தேவதாஸ் திரும்பிவிட்டார்.

வராந்தாக் கட்டிலில் இருசப்பன் ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்தான். அஞ்சலாட்சி தலைமாட்டில் குந்தினாள்.

“கேட்டியாடி? சொந்தம் வேணுமாம்.”

“கேட்டேன்.”

“வேணாம்னு சொல்லிட்டேன்.”

“அதையும் கேட்டேன்.”

“அவன் காலுல போய் நீ விழுந்தேன்னு தெரிஞ்சுது, நான் எழுந்து நடந்தே கடலுக்குப் போயிடுவேன்.”

“எழுந்து நடக்கறவன் இப்பவே நடய்யா. நடந்து அந்த வேலியோரம் போயி, ஒரு சொட்டு வுட்டுட்டு வா. நான் எங்கயும் போவல.”

இருசப்பன் முகத்தைக் கட்டிலில் விரித்த கோணியில் அழுத்திக்கொண்டு, “அஞ்சல, வலிக்கிதுடி” என்றான்.

அவள் எழுந்தாள். சாமிக்கண்ணுவைத் தேடிப் பிடித்து, “இங்கயே இருப்பா. நான் தவளக்குப்பம் போயிட்டு வரேன்” என்றாள்.

“தவளக்குப்பத்துல யாரு அண்ணி... அய்யய்யோ. அங்கயா?”

“அங்கதான். ஒங்க அண்ணன் கேட்டா சந்தைக்குப் போயிருக்கான்னு சொல்லு.”

“மீனே இல்லாத அன்னிக்கி சந்தைக்கா?”

“சொல்லுப்பா. கேக்கற நெலமையிலயா அவரு இருக்காரு?”

*

கடலூர் பஸ் அரியாங்குப்பம் ஆற்றுப் பாலத்தில் ஊர்ந்தது. ஆறு செம்மண் நிறத்தில் புரண்டுகொண்டிருந்தது. எங்கே பார்த்தாலும் தண்ணீர். வயலில் தண்ணீர், வாய்க்காலில் தண்ணீர், பஸ்ஸுக்குள்ளேயும் கூரை ஒழுகி மடியில் தண்ணீர். அஞ்சலாட்சிக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது. தவளக்குப்பம் கூட்டுரோட்டில் இறங்கி, சேற்றுக் கரையில் கிழக்கே நடந்தாள். சவுக்குத் தோப்பு தாண்டியதும் கடல் இரைச்சல் கேட்டது. இந்த ஊருக்கு அவள் மருமகளாக வந்தவள். இந்த ஊரை விட்டு அவளும் இருசப்பனும் ஒரு பானையும் ஒரு பாயுமாக நடந்து போனவர்கள்.

இருசப்பனின் அண்ணன் தெய்வநாயகம் கொட்டகையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கால் கட்டை விரலில் நூலை மாட்டி, மர ஊசியைக் கண்ணுக்குக் கண் நுழைத்து இழுத்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தார். கை நிற்கவில்லை.

“கண்ணகி,” என்று உள்ளே குரல் கொடுத்தார், “யாரோ வந்திருக்காங்க பாரு.”

“யாரோ இல்ல மாமா. அஞ்சலாட்சி.”

“யாரோன்னுதான சொன்னேன்.”

கண்ணகி வெளியே வந்தாள். ஓரகத்திகள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கண்ணகி முந்தானையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம், “நனஞ்சிருக்கியேடி. உள்ள வா” என்றாள்.

“உள்ள வரல்லக்கா. அவருக்கு நீர் கட்டிக்கிச்சி. மூணு நாளா ஒரு சொட்டு எறங்கல. ஆஸ்பத்திரியில சேத்திருக்கேன். சொந்தம் இல்லாம வைத்தியம் பண்ணமாட்டேங்கறாங்க.”

தெய்வநாயகம் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “அதுக்கு?”

“நீங்க வந்து நின்னா போதும் மாமா.”

“நான் என்ன சொந்தம்? கரையில நின்னு ஊரு கேக்கச் சொன்னேன். இவன் எனக்குத் தம்பி இல்ல, நான் இவனுக்கு அண்ணன் இல்ல. அவனும் சொன்னான். எனக்கு எந்தச் சொந்தமும் வேணாம்னான். ரெண்டு பேரும் சொன்னது சொன்னதுதான்.”

“ஆத்தரத்துல சொன்னது...”

“ஆத்தரமா? எம் புள்ள ஆத்தரத்துலயா செத்தான்?”

ஊரறிந்த கதை அது. தெய்வநாயகத்தின் ஒரே மகன் சித்தப்பன் இருசப்பனோடு கட்டுமரத்தில் கடலுக்குப் போனான். மரம் கவிழ்ந்தது. இருசப்பன் மட்டும் கரையேறினான். பிள்ளையின் உடம்புகூட ஒதுங்கவில்லை.

“தேடினாரு மாமா. பொழுது சாயற வரைக்கும் முங்கி முங்கித் தேடினாரு. காதுல மூக்குல ரத்தம் வந்துது. நீங்களும் பாத்தீங்க.”

“தேடினான். கெடைக்கல. அவன் மட்டும் வந்தான். அவன் வந்து என் எதுக்க நின்னானே, அத என்னால தாங்க முடியல. அது தப்புன்னா தப்புதான். நீ போம்மா.”

“போகமாட்டேன்.”

“மழ வலுக்குது. கடைசி பஸ்ஸு போயிடும்.”

“போகட்டும். அவரு போனதுக்கப்பறம் எனக்கு எதுக்கு பஸ்ஸு?”

கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டு அவள் சேற்றிலேயே உட்கார்ந்தாள். கண்ணகி ஒரு சட்டியில் கேழ்வரகுக் கூழும், சுட்ட கருவாடும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

“குடிடி.”

“எறங்காதுக்கா. அவருக்குக் குடிச்சது வெளிய வரல. நான் எப்படிக் குடிப்பேன்?”

கூழில் மழைத் துளி விழுந்து வட்டம் போட்டது. தெய்வநாயகம் அடுத்த கிழிசலுக்குப் போயிருந்தார். ஊசி போகிற சத்தமும் மழைச் சத்தமும்தான். பிறகு கண்ணகிதான் பேசினாள். புருஷனைப் பார்க்காமல், கடலைப் பார்த்துச் சொன்னாள்.

“எம் புள்ளையத் தண்ணி வெளிய இருந்து கொன்னுச்சி. இவனத் தண்ணி உள்ள இருந்து கொல்லுது. போதும்யா. பெத்தவ சொல்றேன், போதும். நாளைக்கி அவன் பொணத்துக்குத் தகவல் வந்தா, மொட்ட போட்டுக்க நீதான் போவணும். அதுக்குப் போறவன் இதுக்குப் போ.”

தெய்வநாயகத்தின் ஊசி நின்றது.

“நான் போயி என்னான்னு சொல்ல?”

“ஒண்ணும் சொல்லவேணாம் மாமா,” என்றாள் அஞ்சலாட்சி. “அங்க போயி நில்லுங்க. நீங்க அண்ணன்னு நான் சொல்லிக்கறேன்.”

கடைசி பஸ் போய்விட்டது. அன்று அஞ்சலாட்சி கண்ணகியின் பாயில் படுத்தாள், தூங்கவில்லை. விடிந்ததும் தெய்வநாயகம் பெட்டியிலிருந்து ஒரு சட்டையை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். மடிப்பு மஞ்சளாகப் பழுத்திருந்தது. மகன் கல்யாணத்துக்கு என்று தைத்தது, போட்டுக்கொள்ள நாள் வராத சட்டை என்று கண்ணகி முணுமுணுத்தாள்.

ஆற்றில் வெள்ளம் ஏறியிருந்தது. பாலத்தின் மேல் பஸ் விடவில்லை. இறங்கி நடந்தார்கள். முழங்கால் தண்ணீரில் முன்னால் தெய்வநாயகம், பின்னால் அஞ்சலாட்சி.

“இன்னமும் மூக்குப்பொடி போடறானா?”

“போடறாரு மாமா.”

“சொன்னா கேக்கமாட்டான். சின்னதுலயே எங்கப்பா பொடி மட்டையத் திருடுவான்.” கொஞ்ச தூரம் போய், “என்னப் பாத்தா மொகத்தத் திருப்பிக்குவான்” என்றார்.

“திருப்பிக்கட்டும் மாமா. திருப்பிக்க உசுரு இருந்தா போதும்.”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அப்படியே இருசப்பனுடையது. அஞ்சலாட்சிக்கு அதைக் கேட்டதும் காலில் பலம் வந்தது. எல்லாம் சரியாகிவிடும் என்றே நினைத்தாள். சொந்தம் வந்துவிட்டது, இனி அடுத்த நிமிஷம் முடிந்துவிடும் என்று அந்த ஐயாவே சொன்னாரே.

*

ஆஸ்பத்திரி வாசலில் சாமிக்கண்ணு நின்றிருந்தான். தலைத்துண்டு கையில் இருந்தது.

“எங்க அண்ணி போயிட்டீங்க? நேத்து சாயங்காலம் குளிர் கண்டுடுச்சி. கட்டிலே ஆடுச்சி. பல்லு கிட்டிக்கிச்சி. அப்பறம் நெனவே இல்ல. முசே தேவதாஸ்தான் ஓடியாந்தாரு...”

அவள் நின்று கேட்கவில்லை. தெய்வநாயகத்தின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வராந்தாவில் ஓடினாள்.

கட்டிலை உள்ளே மாற்றியிருந்தார்கள். பெண்கள் வரக்கூடாத இடம், யாரும் தடுக்கவில்லை. இருசப்பன் மல்லாந்து கிடந்தான். மூன்று நாளைக்கு அப்புறம் கால் நீட்டிப் படுத்திருந்தான். வயிறு வற்றியிருந்தது. வாய் திறந்து, மூச்சு மேலும் கீழுமாக இழுத்தது. நெற்றி நெருப்பாகக் கொதித்தது.

தேவதாஸ் ஈரத் துணியைப் பிழிந்து அவன் நெற்றியில் வைத்துக்கொண்டிருந்தார்.

“ஐயா,” என்றாள் அஞ்சலாட்சி மூச்சு வாங்க, “கூட்டியாந்துட்டேன்யா. சொந்தம் வந்திடுச்சி.”

“யாரும்மா இவரு?”

“சொந்தம்யா. கூடப்பொறந்த அண்ணன். நீங்க கேட்டீங்களே.”

“நான் எப்பம்மா கேட்டேன்?”

“நேத்து நீங்கதான கேட்டீங்க, கதவுக்குள்ள. சொந்தம் வேணும், சொந்தம் இல்லாம ஆவாதுன்னு. இவரு வேணாம்னாரே.”

தேவதாஸ் கையிலிருந்த துணி சொட்டியது. அவர் அவளைப் பார்த்தார், தெய்வநாயகத்தைப் பார்த்தார். உதடு ஒருமுறை அந்த வார்த்தையைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தது.

“சோந்து,” என்றார். “சோந்துன்னேம்மா.”

“அதாங்க. சொந்தம்.”

அவர் போர்வையின் ஓரத்தைத் தூக்கினார். சிவப்பு ரப்பர் குழாய் ஒன்று, சுண்டு விரல் கனம்கூட இல்லை, இருசப்பனின் தொடையோரமாக வந்து கட்டிலுக்குக் கீழே ஒரு கண்ணாடி பாட்டிலில் இறங்கியிருந்தது. பாட்டிலில் பாதிக்கு மேல் ரத்தமும் சீழும் கலந்த தண்ணீர்.

“இதாம்மா சோந்து. பிரான்சுப் பேச்சுல இதுக்கு அதுதான் பேரு. நாங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம். இத உள்ள வுட்டா தேங்கினதெல்லாம் எறங்கிடும். நேத்தே வெச்சிருக்கலாம். மேசை மேலயே இருந்துச்சி. அவரு வேணாம் வேணாம்னாரு, தொக்தேர் கட்டாயப்படுத்த வேணாம்னுட்டாரு. நெனவு தப்பினதுக்கு அப்பறம்தான்...”

“அண்ணனத்தான்யா வேணாம்னாரு.”

தேவதாஸ் பக்கத்துக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

“தேங்கின நீரு ரத்தத்துல கலந்துடுச்சி,” என்றார், தரையைப் பார்த்து. “ஊசி போட்டிருக்கு. தொக்தேர் காலையில பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்கம்மா.”

“சொல்ல வேண்டியவரு இவருதாங்க. வேற ஒருத்தரும் இல்ல.”

தெய்வநாயகத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. “என்னம்மா சொல்றாரு? கைநாட்டு எங்க வெக்கணும்னு கேளு” என்றார். கட்டிலருகே போனார். குனிந்தார். பழைய சட்டையின் தோள் தையல் விட்டுப் பிரிந்தது.

“இருசா. டேய், நான்தான்டா. வந்திருக்கேன்டா. கைநாட்டு வெக்க வந்திருக்கேன்.”

இருசப்பனின் கண் பாதி திறந்திருந்தது. அதில் கூரை மட்டும் தெரிந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

“மொகத்தத் திருப்பிக்கடா,” என்றார் தெய்வநாயகம். “எம் மேல கோவந்தான? திருப்பிக்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், திருப்பிக்க.”

வெளியே மழை விட்டிருந்தது. ஓட்டு விளிம்பிலிருந்து மிச்சத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கட்டிலுக்குக் கீழே பாட்டிலிலும் சொட்டியது.

அஞ்சலாட்சி கீழே குந்தி, அந்தக் குழாயை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. மீன் சந்தையில் தண்ணீர் பிடிக்க இதே மாதிரி ஒன்றை, இன்னும் பெரிதாக, தினம் அவள் கையால் பிடித்திருக்கிறாள். நிமிர்ந்து தேவதாஸைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை. சந்தையில் தெரிந்தவரிடம் வழி கேட்பது போலத்தான் கேட்டாள்.

“குழாய்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாய்யா?”